ஒரு மசோதா நிஜமாவே சட்டம் ஆயிடுச்சான்னு நாமளே பாக்குறது எப்படி

"லோக்சபால மசோதா நிறைவேறியது"ன்னு நியூஸ் சேனல்ல கீழ பட்டைல ஓடுன கொஞ்ச நேரத்துலயே ஃபேமிலி குரூப்ல "புது சட்டம் வந்துருச்சு, நாளைல இருந்து ஃபைன், ஜாக்கிரதை"ன்னு ஒரு ஃபார்வர்டு வந்து விழும். பெரும்பாலும் அந்த நேரத்துல அது சட்டமே கிடையாது. ரெண்டு சபைல ஒண்ணு தாண்டியிருக்கும், அவ்வளவுதான், இன்னும் ராஜ்யசபா இருக்கு, ஜனாதிபதி கையெழுத்து இருக்கு, கெசட்னு சொல்ற அரசிதழ் இருக்கு, கெசட்ல வந்த பிறகும் எந்த தேதில இருந்து அமலுக்கு வருதுன்னு அரசாங்கம் தனியா சொல்ற வரைக்கும் அது பேப்பர்லயே தூங்கிட்டு இருக்கலாம். அதனால எந்த மசோதா பத்தி செய்தி வந்தாலும் ஒரே கேள்வியை கேட்டு பழகுங்க: இப்ப அது யார் கைல இருக்கு? அந்த கேள்விக்கு நாமளே பதில் கண்டுபிடிக்கிறது எப்படிங்கறதுதான் இந்த கட்டுரை. வக்கீல் படிப்பெல்லாம் வேண்டாம், ஒரு மொபைலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல்ல, அங்க உக்காந்திருக்கவங்க எப்படி அங்க போனாங்க

லோக்சபா பக்கத்தை சீக்கிரம் முடிச்சிடுவோம், ஓட்டு போடுறது எல்லாருக்கும் பழகின விஷயம்தான். மொத்தம் 543 தொகுதி, அதுல தமிழ்நாட்டுக்கு 39, புதுச்சேரிக்கு 1. தொகுதிக்கு ஒருத்தர், யாருக்கு ஒரு ஓட்டு கூடுதலோ அவர்தான் எம்பி, பாதிக்கு மேல வாங்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல. 2024ல மும்பை வடமேற்கு தொகுதி வெறும் 48 ஓட்டுல முடிஞ்சுது. 2014ல தமிழ்நாட்டுல அதிமுக சுமார் 44 சதவீதம் ஓட்டு வாங்கி 37 சீட் எடுத்துது, திமுக நாலுல ஒரு பங்குக்கு கிட்ட வாங்கியும் ஒரு சீட் கூட ஜெயிக்கல. அதனால சபைல முக்கால்வாசி பேர் கை தூக்குறாங்கன்னா ஊர்ல முக்கால்வாசி பேர் ஆதரிக்கிறாங்கன்னு நினைச்சுடாதீங்க, சீட்டு கணக்கு வேற ஓட்டு கணக்கு வேற.

நம்ம பக்கம் செய்ய வேண்டியது ரெண்டு மூணு வேலைதான். வோட்டர் ஐடி கார்டு பர்ஸ்ல இருந்தா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, கார்டு இருந்தும் லிஸ்ட்ல பேர் இல்லன்னா பூத்ல திருப்பி அனுப்பிடுவாங்க, அதனால தேர்தல் கமிஷன் சைட்லயோ ஆப்லயோ உங்க பேரை தேடிப் பாத்துடுங்க, இல்ல 1950க்கு போன் போடுங்க. புதுசா சேர்க்க ஃபார்ம் 6, வீடு மாறினாலோ பேர் தப்பா இருந்தாலோ ஃபார்ம் 8. முன்ன ஜனவரி 1 அன்னிக்கு 18 வயசு ஆகியிருந்தாதான் சேர்ப்பாங்க, இப்ப ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1ன்னு வருஷத்துல நாலு தேதி இருக்கு, பசங்க அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வேட்பாளர் யாரு, என்ன கேஸ் இருக்கு, எவ்வளவு சொத்துன்னு பாக்கணும்னா நாமினேஷனோட அவங்க குடுக்குற அஃபிடவிட் கமிஷன் சைட்லயே கிடைக்கும். பிரச்சாரப் பேச்சை கேக்குறதை விட அதை அரை மணி நேரம் படிக்கிறது மேல்.

ராஜ்யசபா கதைதான் நிறைய பேருக்கு மங்கலா இருக்கும், அதை கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். இப்ப 245 இடம். 233 பேரை மாநில எம்எல்ஏக்கள் தேர்ந்தெடுக்கிறாங்க, டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீருக்கும் அதுல பங்கு உண்டு. மீதி 12 பேர் ஜனாதிபதி நியமிக்கிறவங்க, இளையராஜா 2022ல போனது அந்த வழிலதான். நம்ம மாநிலத்துக்கு 18 இடம். இந்த சபை கலையவே கலையாது, ஒவ்வொருத்தருக்கும் 6 வருஷம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூணுல ஒரு பங்கு ரிட்டயர் ஆவாங்க. இதோட விளைவு என்னன்னா, லோக்சபா தேர்தல்ல ஒரு கட்சி சூறாவளி மாதிரி ஜெயிச்சு வந்தாலும் ராஜ்யசபால அந்த பலம் வர வருஷக்கணக்கா ஆகும், அதுவும் மாநில தேர்தல்கள்ல ஜெயிச்சாதான்.

கணக்கு இப்படி. ஒவ்வொரு எம்எல்ஏ ஓட்டுக்கும் மதிப்பு 100. போடற ஓட்டை 100ஆல பெருக்கி, காலி இடத்தோட 1 கூட்டி அதால வகுத்து, பின்னத்தை தள்ளிட்டு 1 கூட்டணும். தமிழ்நாட்டுல 234 பேர், 6 இடம்னா 23,400ஐ 7ஆல வகுத்தா 3342, கூட 1, ஆக 3343. அதாவது ஒரு சீட்டுக்கு 34 எம்எல்ஏ வேணும். இந்த கணக்கு எல்லா கட்சிக்கும் மனப்பாடம், அதனாலதான் கூட்டணி பேசும்போதே "உங்களுக்கு ஒரு ராஜ்யசபா சீட்"னு எழுதிக் குடுக்குறாங்க, 2024 லோக்சபா தேர்தல்ல கமல்ஹாசனோட மக்கள் நீதி மய்யம் போட்டியிடாம திமுக கூட்டணிக்கு ஆதரவு குடுத்துச்சு, 2025ல கமல்ஹாசன் ராஜ்யசபாவுக்கு போனார். அந்த தடவை 6 இடத்துக்கு சரியா 6 பேர்தான் நின்னாங்க, ஓட்டுப்பதிவே நடக்கல. நம்ம ஊர்ல பெரும்பாலும் இப்படித்தான், 2013ல ஒரு தடவை ஆறாவது சீட்டுக்கு கனிமொழியும் தேமுதிக வேட்பாளரும் மோதினது மாதிரி எப்பவாவதுதான் நிஜ ஓட்டு விழும்.

வடக்க நிலைமை வேற. ராஜ்யசபா தேர்தல் எங்கயுமே ரகசிய ஓட்டு கிடையாது, 2003ல இருந்து எம்எல்ஏ தன் பேலட்டை தன் கட்சி ஏஜென்ட் கிட்ட காட்டிட்டுதான் பெட்டில போடணும். 2017 ஆகஸ்ட்ல குஜராத்ல 3 இடம், 176 ஓட்டு, அப்ப ஒருத்தருக்கு 45 வேணும். காங்கிரஸ் எம்எல்ஏ ரெண்டு பேர் பேலட்டை தங்க கட்சி ஏஜென்ட் தவிர வேற ஆளுக்கும் காட்டிட்டாங்கன்னு தகராறு, நடுராத்திரி வரைக்கும் ரெண்டு கட்சிக்காரங்களும் தேர்தல் கமிஷனுக்கு போயிட்டு வந்துட்டு இருந்தாங்க, கடைசில கமிஷன் அந்த ரெண்டு ஓட்டையும் செல்லாதுன்னுடுச்சு. ஓட்டு 174 ஆச்சு, தேவை 44 ஆ குறைஞ்சுது, காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் வாங்கினது சரியா 44. மேல சொன்ன ஃபார்முலாவை போட்டுப் பாருங்க, எவ்வளவு நெருக்கம்னு தெரியும். 2024 பிப்ரவரில ஹிமாச்சல்ல இன்னும் மோசம், 34க்கு 34ன்னு சமமா நின்னு குலுக்கல்ல முடிவாச்சு, ஆளுங்கட்சி எம்எல்ஏ 6 பேர் எதிர் பக்கம் ஓட்டு போட்டதால. அதுக்காக அவங்க பதவி போகல, ராஜ்யசபா தேர்தல்ல மாத்தி ஓட்டு போட்டா கட்சித்தாவல் சட்டம் பாயாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2006லயே சொல்லிடுச்சு. சபைக்கு வந்து இப்படித்தான் ஓட்டு போடணும்னு கட்சி போடற கொறடா உத்தரவை மீறி பட்ஜெட் ஓட்டெடுப்புக்கு வராம போனதுக்குத்தான் அவங்க பதவி போச்சு.

இன்னொண்ணு, அந்த மாநிலத்துக்காரரா இருக்கணும்ங்கற விதியும் 2003ல எடுத்தாச்சு. எல். முருகன் மத்தியப் பிரதேசத்துல இருந்தும் நிர்மலா சீதாராமன் கர்நாடகால இருந்தும் ராஜ்யசபா போனது அதனாலதான். மாநிலங்களோட சபைன்னு பேர் வெச்சுட்டு இது சரியான்னா, என்னைக் கேட்டா சரியில்ல, ஆனா கோர்ட் அதை ஏத்துக்கிச்சு.

மசோதாவை கைல எடுங்க

இப்ப வேலைக்கு வருவோம். சன்சத் டாட் இன் (sansad.in)னு பார்லிமெண்ட்டோட சைட் இருக்கு, அதுல லெஜிஸ்லேஷன் பகுதில பில் பேரை போட்டு தேடுங்க. எப்ப அறிமுகம் ஆச்சு, எந்த சபைல, கமிட்டிக்கு போச்சா, எப்ப பாஸ் ஆச்சுன்னு வரிசையா தேதி இருக்கும், பக்கத்துலயே பிடிஎஃப். அறிமுகம் ஆனப்ப இருந்த வடிவம், லோக்சபா பாஸ் பண்ண வடிவம், ரெண்டு சபையும் பாஸ் பண்ண வடிவம்னு தனித்தனியா கிடக்கும். வாட்ஸப்ல சுத்துறது பெரும்பாலும் முதல் வடிவம், அதுல இருக்கற பாதி விஷயம் நடுவுல மாறியிருக்கும். பிஆர்எஸ் (PRS)னு ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கு, அவங்க சைட்ல ஒவ்வொரு பில்லுக்கும் நாலஞ்சு பக்கத்துல சுருக்கம் போடறாங்க, ஆரம்பிக்கிறவங்களுக்கு அது நல்ல வாசல். எல்லாமே இங்கிலீஷ், ஹிந்திலதான் இருக்குங்கறது நம்ம தலையெழுத்து.

பிடிஎஃப்பை முதல் பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சா மூணாவது பக்கத்துல மூடி வெச்சிடுவீங்க. பின்னாடி இருந்து படிங்க. பிரிவுகள் எல்லாம் முடிஞ்ச பிறகு நோக்கங்களும் காரணங்களும்னு ஒரு பக்கம் மந்திரி கையெழுத்தோட இருக்கும், அரசாங்கம் எதுக்காக இதை கொண்டு வர்றோம்னு சொல்றது அங்கதான். அதுக்கு அடுத்து செலவு பத்தின குறிப்பு. அதுக்கும் அடுத்து, யாருமே படிக்காத ஆனா ரொம்ப முக்கியமான ஒரு பக்கம், எந்தெந்த விஷயத்துல பின்னாடி அரசாங்கமே விதி போட்டுக்கலாம்னு பட்டியல். இந்த பட்டியல் நீளமா இருந்தா உஷார், மசோதால சொல்லாம விட்டதை எல்லாம் அதிகாரிங்க பின்னாடி முடிவு பண்ணுவாங்கன்னு அர்த்தம். இருக்கற சட்டத்தை திருத்துற மசோதான்னா கடைசில பழைய சட்டத்தோட வரிகளையும் ஒட்டியிருப்பாங்க, பழசு புதுசு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா எந்த வார்த்தையை மாத்துறாங்கன்னு பளிச்சுனு தெரியும்.

அடுத்து இது என்ன வகை மசோதான்னு பாருங்க, அதை வெச்சுதான் ராஜ்யசபாவுக்கு எவ்வளவு அதிகாரம்னு தெரியும். சாதாரண மசோதான்னா ரெண்டு சபையும் ஒத்துக்கணும், ஓட்டு போட்டவங்கள்ல பாதிக்கு மேல போதும். அரசியல் சட்டத் திருத்தம்னா ரெண்டு சபைலயும் தனித்தனியா, மொத்த உறுப்பினர்ல பாதிக்கு மேலயும் வந்து ஓட்டு போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கும் வேணும், சில விஷயங்களுக்கு பாதி மாநில சட்டசபைகளும் ஒத்துக்கணும். வரி, அரசாங்க செலவு மாதிரி விஷயம் மட்டும் இருக்கற பண மசோதான்னா ராஜ்யசபா 14 நாளுக்குள்ள யோசனை சொல்லி திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான், அந்த யோசனையை லோக்சபா குப்பைல போடலாம். இது பண மசோதாவா இல்லையான்னு முடிவு பண்றது லோக்சபா சபாநாயகர். ராஜ்யசபால பலம் இல்லாத அரசாங்கத்துக்கு இது எவ்வளவு வசதின்னு யோசிச்சுப் பாருங்க. 2016ல ஆதார் சட்டம் இப்படித்தான் பண மசோதான்னு வந்துச்சு, ராஜ்யசபா 5 திருத்தம் சொல்லுச்சு, அஞ்சையும் லோக்சபா அன்னிக்கே நிராகரிச்சுடுச்சு. 2018ல சுப்ரீம் கோர்ட் 4க்கு 1ன்னு அதை ஏத்துக்கிச்சு, எதிர்த்து எழுதுன ஒரு நீதிபதி சந்திரசூட், அரசியல் சட்டத்துக்கு செஞ்ச மோசடின்னே கடுமையா எழுதினார்.

கமிட்டிக்கு போச்சான்னு பாருங்க

என் அனுபவத்துல ஒரு மசோதாவோட தரம் தெரியறது இங்கதான். சபைல எல்லாரும் கேமராவுக்கு பேசுவாங்க, கமிட்டில கேமரா கிடையாது, கட்சி பாக்காம ஓரளவு நிஜமாவே பிரிவு பிரிவா உக்காந்து பேசுறது அங்கதான் நடக்கும். 24 நிலைக்குழு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் லோக்சபால இருந்து 21 பேர், ராஜ்யசபால இருந்து 10 பேர். பெரிய விவகாரம்னா அதுக்குன்னே ஜேபிசின்னு ஒரு கூட்டுக்குழு போடுவாங்க. ஆனா கமிட்டிக்கு அனுப்பியே ஆகணும்னு விதி இல்ல. 2009ல இருந்து 2014 வரைக்கும் இருந்த லோக்சபால 10ல 7 மசோதா கமிட்டிக்கு போச்சு, 2019ல இருந்து 2024 வரைக்கும் இருந்ததுல 10ல 2 கூட போகல. அறிமுகம் ஆன வாரத்துலயே பாஸ் ஆகிற மசோதா மேல எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம், அது எந்த கட்சி கொண்டு வந்தாலும் சரி.

கமிட்டிக்கு போயிருந்தா பொதுமக்கள் கருத்து கேட்டு பேப்பர்ல விளம்பரம் வரும், பெரும்பாலும் ரெண்டு மூணு வாரம்தான் டைம், பேர் விலாசத்தோட எழுதி அனுப்பலாம், நேர்ல வந்து பேசணும்னும் கேக்கலாம். முஸ்லிம் அறக்கட்டளை சொத்துக்கள் பத்தின வக்ஃப் திருத்த மசோதாவுக்கு ஜேபிசிக்கு வந்த மனுக்கள் 97 லட்சத்துக்கு மேல, அத்தனையையும் யாரு படிச்சிருப்பாங்கன்னு கேக்காதீங்க. நிஜமா ஒரு பிரிவுல என்ன பிரச்சனை, அதுக்கு பதிலா என்ன வார்த்தை போடலாம்னு ஒரு பக்கத்துல எழுதறவங்களோடதுதான் ரிப்போர்ட்ல எடுபடும். ரிப்போர்ட் வந்த பிறகு அதோட கடைசில எதிர்ப்புக் குறிப்புகள் இருக்கும், அதை கட்டாயம் படிங்க, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் டிவில கத்துறதை விட அங்க தெளிவா எழுதியிருப்பாங்க. கமிட்டி சொல்றதை அரசாங்கம் கேட்டே ஆகணும்னும் இல்ல.

இந்த வக்ஃப் மசோதாவையே முழு பயணமா எடுத்துக்கலாம், உங்க கருத்து எந்த பக்கமா இருந்தாலும் நடைமுறை புரிய இது நல்ல உதாரணம். 2024 ஆகஸ்ட் 8 லோக்சபால அறிமுகம். உடனே 31 பேர் ஜேபிசிக்கு போச்சு. 2025 ஜனவரி கடைசில ஆளுங்கூட்டணி உறுப்பினர்கள் குடுத்த 14 திருத்தத்தை குழு ஏத்துக்கிச்சு, எதிர்க்கட்சிகள் குடுத்த 44ம் தோத்துச்சு. ஏப்ரல் 2 அன்னிக்கு லோக்சபால விவாதம் ஆரம்பிச்சு நடுராத்திரி தாண்டி 288க்கு 232ன்னு பாஸ். மறுநாள் ராஜ்யசபா, அங்கயும் விடியக்காலை வரைக்கும் இழுத்து 128க்கு 95. ஏப்ரல் 5 ஜனாதிபதி ஒப்புதல். ஏப்ரல் 8ல இருந்து அமல்னு தனி அறிவிப்பு. செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சில பிரிவுகளுக்கு மட்டும் இடைக்கால தடை. இத்தனை தேதில எந்த ஒண்ணை மட்டும் பாத்துட்டு பேசினாலும் பாதி உண்மைதான் பேசுவோம்.

ஓட்டெடுப்பு நடந்துச்சா, இல்ல சத்தம்தானா

சபைல மூணு கட்டம். அறிமுகம், அப்புறம் விவாதமும் பிரிவு பிரிவா ஓட்டெடுப்பும், கடைசில மொத்தமா நிறைவேத்துறது. சன்சத் டிவில நேரலை பாத்தா அந்த ரெண்டாவது கட்டத்துல சபாநாயகர் படபடன்னு "பிரிவு 2ல இருந்து 14 வரை, ஆதரிக்கிறவங்க ஆம் சொல்லுங்க, எதிர்க்கிறவங்க இல்லை சொல்லுங்க"ன்னு போயிட்டே இருப்பார், ரெண்டு நிமிஷத்துல இருபது பிரிவு தாண்டிடும், முதல் தடவை பாக்கறவங்களுக்கு ஏதோ ஏலம் போடற இடம் மாதிரி இருக்கும். இதுக்கு பேர் குரல் வாக்கெடுப்பு. யார் என்ன சொன்னாங்கன்னு எந்த பதிவும் இருக்காது. ஒரு உறுப்பினர் டிவிஷன் வேணும்னு கேட்டா மணி அடிச்சு கதவை சாத்திட்டு மெஷின்ல ஓட்டு, ஆதரவுக்கு பச்சை, எதிர்ப்புக்கு சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள். டிவிஷன் நடந்தாதான் உங்க எம்பி எந்த பட்டனை அழுத்தினார்னு பேரோட விவாதப் பதிவுல வரும்.

அதனால நியூஸ்ல "குரல் வாக்கெடுப்பு மூலம்"னு இருந்தா உங்க எம்பியோட நிலைப்பாட்டை ஓட்டை வெச்சு கண்டுபிடிக்க முடியாது, அவர் பேசினதை வெச்சுதான் சொல்ல முடியும். 2020 செப்டம்பர் 20 ராஜ்யசபால விவசாய மசோதாக்கள் வந்தப்ப எதிர்க்கட்சி டிவிஷன் கேட்டுது, அமளி, அவங்கவங்க சீட்ல இல்லன்னு சொல்லி குரல் ஓட்டுலயே முடிச்சிட்டாங்க, மறுநாள் 8 எம்பி சஸ்பெண்ட். அந்த சட்டங்களோட மீதி கதை தெரியும், 2021 ஜனவரில சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வெச்சுது, நவம்பர் 29 ரெண்டு சபையும் ஒரே நாள்ல விவாதமே இல்லாம ரத்து பண்ணுச்சு. கொண்டு வரும்போதும் ஓட்டு எண்ணல, எடுக்கும்போதும் பேசல.

கொறடா உத்தரவு இருந்தா எம்பி தன் இஷ்டத்துக்கு ஓட்டு போட முடியாது, மீறினா 1985ல வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். அதனால "எங்க எம்பி நல்லவர், எதிர்த்து ஓட்டு போட்டிருப்பார்"னு நம்பாதீங்க, கட்சி என்ன முடிவு எடுத்துச்சுன்னு பாருங்க. வக்ஃப் மசோதா அன்னிக்கு பிஜு ஜனதா தளம் ராஜ்யசபால கொறடா உத்தரவு போடாம மனசாட்சிப்படி போடுங்கன்னு விட்டது பெரிய செய்தி ஆனதுக்கு காரணமே அப்படி விடறது அபூர்வம்ங்கறதுதான்.

ரெண்டு சபையும் ஒத்துக்கலன்னா? ஜனாதிபதி கூட்டு அமர்வு கூப்பிடலாம், ரெண்டு சபையும் ஒண்ணா உக்காந்து ஓட்டு போடும், எண்ணிக்கைல லோக்சபா கைதான் ஓங்கும். இதுவரைக்கும் மூணே தடவைதான் அப்படி சட்டம் போட்டிருக்காங்க, 1961 வரதட்சணை தடுப்பு, 1978 வங்கிப் பணி ஆணையம் ரத்து, 2002 பொடாங்கற பயங்கரவாத தடுப்புச் சட்டம். பண மசோதாவுக்கும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கும் இந்த வழி கிடையாது. லோக்சபா கலைஞ்சா அதுகிட்ட நிக்கிற மசோதா எல்லாம் காலாவதி, பெண்கள் இடஒதுக்கீடு மசோதா 2010 மார்ச்ல ராஜ்யசபா தாண்டியும் லோக்சபால நாலு வருஷம் கிடந்து 2014ல செத்துப் போனது அப்படித்தான். அப்புறம் 2023 செப்டம்பர்ல புதுசா கொண்டு வந்து லோக்சபால 454க்கு 2, ராஜ்யசபால 214க்கு 0ன்னு பாஸ் ஆச்சு, ஆனா அதுக்குப் பிறகு எடுக்கற முதல் சென்சஸும் தொகுதி மறுவரையறையும் முடிஞ்ச பிறகுதான்னு சட்டத்துக்குள்ளயே எழுதி வெச்சாங்க. 2024 தேர்தல்ல ஏன் அது இல்லன்னு கேட்டவங்க யாரும் அந்த பிரிவை படிக்கல.

கையெழுத்து, கெசட், தேதி

ஜனாதிபதி ஒரு தடவை திருப்பி அனுப்பலாம், பண மசோதாவையும் அரசியல் சட்டத் திருத்த மசோதாவையும் அப்படி அனுப்ப முடியாது. 2006ல அப்துல் கலாம் ஆதாயப் பதவி மசோதாவை திருப்பி அனுப்பினார், ரெண்டு சபையும் மாத்தாம மறுபடி பாஸ் பண்ணாங்க, அப்புறம் கையெழுத்து போட்டுத்தான் ஆகணும், போட்டார். எத்தனை நாளுக்குள்ளன்னு அரசியல் சட்டத்துல கெடு இல்ல, 1986ல ஜெயில் சிங் தபால் அலுவலக திருத்த மசோதாவை கையெழுத்தும் போடாம திருப்பியும் அனுப்பாம அப்படியே வெச்சுட்டார்.

கையெழுத்து ஆனதும் கெசட்ல வரும், அப்பதான் சட்டத்துக்கு நம்பர் கிடைக்கும். நம்பர் இல்லாத எதையும் சட்டம்னு ஃபார்வர்டு பண்ணாதீங்க. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2023ஆம் வருஷத்து 45வது சட்டம். இப்ப முதல் பிரிவை திறங்க, பேருக்கு அடுத்த உட்பிரிவுல அமல் தேதி பத்தி இருக்கும். "உடனடியா"ன்னு இருந்தா சரி. "மத்திய அரசு அறிவிக்கும் தேதில இருந்து"ன்னு இருந்தா இன்னும் ஒரு படி பாக்கி, "வெவ்வேறு பிரிவுக்கு வெவ்வேறு தேதி"ன்னு இருந்தா பிரிவு பிரிவா பாக்கணும்.

நியாய சன்ஹிதாலயே இதை கண்ணால பாக்கலாம். 106வது பிரிவோட ரெண்டாவது உட்பிரிவு, வண்டி ஏத்தி ஆள் செத்து, போலீஸுக்கு சொல்லாம ஓடிப்போனா 10 வருஷம் வரைக்கும் ஜெயில்னு சொல்லுது. சட்டம் 2023 டிசம்பர் 25 கையெழுத்து ஆச்சு, 2024 ஜனவரி முதல் வாரம் வடக்க லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தி பெட்ரோல் பங்க்ல எல்லாம் கூட்டம் அலைமோதுச்சு. பேசித்தான் அமல்படுத்துவோம்னு அரசாங்கம் சொல்லுச்சு. பிப்ரவரில கெசட் அறிவிப்பு வந்துச்சு, ஜூலை 1ல இருந்து சட்டம் அமல், 106ல இந்த ஒரு உட்பிரிவு மட்டும் தவிரன்னு. புத்தகத்துல அச்சடிச்சு இருக்கு, அந்த அறிவிப்புப்படி அமல்ல இல்ல. சட்டங்களை எல்லாம் அரசாங்கம் போட்டு வெச்சிருக்கற இந்தியா கோட் சைட்லயோ கெசட் சைட்லயோ இந்த அறிவிப்பை தேடாம வெறும் சட்டப் புத்தகத்தை மட்டும் பாத்தா டிரைவருக்கு தப்பா பயம் காட்டிடுவோம்.

விதிகளும் அப்படித்தான் இழுக்கும். குடியுரிமை திருத்தச் சட்டம் 2019 டிசம்பர்ல கையெழுத்து, 2020 ஜனவரி 10 அமல், ஆனா விண்ணப்பம் எப்படி போடணும்னு விதி வந்தது 2024 மார்ச் 11. தனிநபர் டேட்டா பாதுகாப்பு சட்டம் 2023 ஆகஸ்ட், அதோட விதிகள் 2025 நவம்பர். முதல்ல சொன்ன பட்டியல் பக்கம் ஞாபகம் இருக்கட்டும், விதி வர்றதுக்கு முன்னாடி பெரும்பாலும் வரைவு விதின்னு கெசட்ல போட்டு கருத்து கேப்பாங்க, அங்கயும் எழுதலாம். பார்லிமெண்ட் கூடாத நேரத்துல வர்ற அவசர சட்டம் மட்டும் இந்த எந்த வரிசைலயும் வராது, கையெழுத்து ஆனவுடனே சட்டம்தான், ஆனா சபை கூடி 6 வாரத்துக்குள்ள பாஸ் பண்ணலன்னா தானா உயிர் போயிடும்.

எம்பி கிட்ட எதை கேக்கலாம்

எம்பியே தனியா மசோதா கொண்டு வரலாம், வெள்ளிக்கிழமை மத்தியானம் அதுக்குன்னு நேரம் இருக்கு, ஆனா 1970க்கு அப்புறம் ஒண்ணு கூட சட்டம் ஆகல. 2015 ஏப்ரல்ல திருச்சி சிவா கொண்டு வந்த திருநர் உரிமை மசோதா ராஜ்யசபால பாஸ் ஆனதே பெரிய அதிசயம், லோக்சபால அது தேறல, 2019ல அரசாங்கம் தன்னோட வடிவத்துல வேற ஒண்ணை கொண்டு வந்துச்சு. அதனால "சார் இதுக்கு ஒரு சட்டம் கொண்டு வாங்க"ன்னு கேக்கறதை விட கேள்வி கேக்கச் சொல்றது பிரயோஜனம். எழுத்துல பதில் வர்ற கேள்வின்னு ஒண்ணு இருக்கு, மந்திரி பதில் சொல்லியே ஆகணும், அந்த பதில் பிடிஎஃப்பா சைட்ல நிரந்தரமா இருக்கும், நாளைக்கு கோர்ட்டுக்கு போனாலும் காட்டலாம். இந்த சட்டத்தோட இந்த பிரிவு அமலுக்கு வந்துச்சா, விதி எப்ப வரும், இந்த மாவட்டத்துல எத்தனை கேஸ் பதிவாச்சுன்னு நேரா கேளுங்க, "அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது"ன்னு கேட்டா "தகுந்த நடவடிக்கை எடுக்கப்படுகிறது"ன்னுதான் பதில் வரும். கேள்விக்கு குறைஞ்சது 15 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், எம்பி ஆபீஸ்ல அதை தயார் பண்றவங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும், அதனால பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் எந்த கூட்டத்தொடரா இருந்தாலும் அது ஆரம்பிக்க ஒரு மாசம் முன்னாடியே, கேள்வியை நாலு வரில, சட்டத்தோட பேர், வருஷம், பிரிவு நம்பர் போட்டு மெயில் பண்ணிட்டு மறுநாள் ஆபீஸுக்கு ஒரு போனும் போட்டுடுங்க.